தாவாத தேவாங்கு

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி கழிந்து நாலாம் நாள் போக வேண்டும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் கிடந்த தொன்னைகளை அள்ளி முடித்திருப்பார்கள். ஆட்டோக்காரர்கள் நியாயமான வாடகை சொல்வார்கள். கூட்டத்தில் வாரி வாரித் தின்ற குரங்குகளுக்கு மறுபடியும் பசி எடுத்திருக்கும். செஞ்சி வழியாக பஸ்ஸில் நான் போய் இறங்கியது அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ரமணாசிரமத்தின் பின்பக்கமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் கல்பாதையில் ஏறினேன். பாதி வழியில் ஒரு புங்க மரம். அதன் கிளையில் ஒரு கடுவன். அது என்னைப் பார்க்கவில்லை. என் தோள்பையின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தது. பிறகு எதிர் மரத்துக் கிளையை இரண்டு முறை பார்த்தது. முழங்கால் மார்பைத் தொடும் அளவுக்குக் குந்தியது. அடுத்த கணம் பின்கால் இரண்டும் ஒன்றாக நீண்டன. உடம்பு படுக்கைவாட்டில் காற்றில் போனது. கைகள் முன்னால், வால் பின்னால். கைதான் முதலில் கிளையைப் பிடித்தது. கால்கள் பிற்பாடு வந்து சேர்ந்தன. கிளை தாழ்ந்து எழுவதற்குள் அது பாறையில் இறங்கி, பாக்கெட்டை உருவிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது. மேலே உட்கார்ந்து உறையைப் பல்லால் கிழித்து, முதல் நாலு பிஸ்கட்டைத் தின்னாமல் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டதையும் பார்த்தேன். பசி என்று நான் சொன்னது தவறு. அது சேமிப்பு.

கை முதலில், கால் பிறகு. இந்த வரிசையை மனதில் குறித்துக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மடகாஸ்கர் லெமூர்கள் தாவும் படங்களை வேகம் குறைத்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தேன். அங்கே வரிசை நேர்மாறாக இருக்கும்.

சிஃபாகா, இந்திரி என்று இரண்டு பிராணிகள். சிஃபாகாவுக்கு நீண்ட வால். இந்திரிக்கு வால் என்று சொல்ல வெறும் குச்சம்தான். எடை சில கிலோ. பெரிய இந்திரி 9 கிலோவைத் தொடும். இவை நம் குரங்கைப் போலக் கிளைமேல் நாலு காலில் நிற்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் அடிமரத்தைக் கட்டிப்பிடித்து, பனையேறி பாதி மரத்தில் இளைப்பாறுவது போல உட்கார்ந்திருக்கும். தாவும்போது முகம் மரத்தின் பக்கம், முதுகு போக வேண்டிய திசைப் பக்கம். பின்காலால் மரத்தை உதைத்துத் தள்ளி, காற்றிலேயே உடம்பைத் திருப்பி, கால்களை முன்னே நீட்டி, அடுத்த அடிமரத்தில் பாதத்தால் போய் ஒட்டும். கை பிறகுதான் வந்து பிடிக்கும். ஒரு தாவலில் 10 மீட்டர் வரை போகும். உயரம் குறையாமல் அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் கிளம்பும்போது மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று கணக்கு வருகிறது. செங்கம் சாலையில் டவுன் பஸ் போகிற வேகம் அது. பஸ்ஸுக்கு எஞ்சின் இருக்கிறது. இந்திரிக்குத் தொடை இருக்கிறது.

ஸ்கந்தாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாறை. அங்கே நின்றால் அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் விழும். 217 அடி ராஜகோபுரம்கூடக் கொலுப் பொம்மை மாதிரி இருக்கும். அங்கே ஒரு வழிகாட்டி நாலைந்து பேரை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த மலை லெமூரியாக் கண்டத்தோட மிச்சம் சார். இமயமலை எல்லாம் இதுக்குப் பேரன் வயசு.”

பின்பாதி சரி. இந்தப் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையவை. இமயம் எழும்பத் தொடங்கி 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. பேரன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. முன்பாதி அவர் சொந்தச் சரக்கு இல்லை. ரமணரைத் தேடி வந்த பால் பிரன்டன் 1930களில் அருணாசலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே மூழ்கிப்போன லெமூரியா வந்துவிட்டது. அதற்கு முன்பே பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட ‘இரகசியக் கோட்பாடு’ நூலில் அதைப் பிரம்மஞான சபைக்காரர்களுக்குப் பழக்கப்படுத்தியிருந்தார். சபையின் தலைமையகம் நம்முடைய அடையாறு. பிறகு அது குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட மேடையில் லெமூரியா என்று முழங்கிப் பரிசு வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெயருக்குள் ஒரு பிராணி உட்கார்ந்திருக்கிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கரில் லெமூர் வகைகள் ஏராளம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆப்பிரிக்காவில் அதன் உறவுகள் சில மட்டும். கடல் தாண்டி இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னும் சில. இடையில் நிலம் இருந்திருந்தால்தானே இது நடக்கும் என்று அவர் நினைத்தார். இல்லாத அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பேர் வைத்தார். அவர் மனதில் இருந்த ‘இந்தியாவின் சில’ எது? தேவாங்கு. ஒல்லியாக யாராவது தெருவில் போனால் நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் அதே தேவாங்கு.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஸ்வீடன் அரசர் அடால்ஃப் ஃபிரெட்ரிக்கின் அருங்காட்சியகப் பொருள்களை லின்னேயஸ் 1754இல் பட்டியலிட்டபோதுதான் லெமூர் என்ற பெயரை முதன்முதலாக ஒரு பிராணிக்குச் சூட்டினார். ரோமானியர்களின் நம்பிக்கையில் லெமூர் என்றால் இரவில் உலவும் ஆவி. இந்தப் பிராணிகள் ராத்திரியில் திரிகின்றன, ஏறக்குறைய மனித சாயலில் இருக்கின்றன, மெதுவாக நடக்கின்றன. ஆகவே லெமூர் என்றார். அவர் முன்னால் இருந்தது மடகாஸ்கர் பிராணி இல்லை, தேவாங்கு. 1758இல் அதன் ஊர் இலங்கை என்றும் குறித்துவைத்தார். மடகாஸ்கர்க்காரர்கள் அதே பேரினத்துக்குள் வந்து சேர்ந்தது அந்த 1758 பதிப்பில்தான். பிற்காலத்தில் தேவாங்கை லோரிஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். லெமூர் பட்டம் மடகாஸ்கர்க்காரர்களுக்குப் போய்விட்டது. வீட்டைக் கட்டியவனை வெளியே அனுப்பிவிட்டு வாடகைக்கு வந்தவன் பேரில் பட்டா மாற்றிய கதை.

ஆகவே லெமூரியா என்று நாம் முழங்கியதெல்லாம் நேர்த் தமிழில் தேவாங்கு நாடு.

கடல்கோள் நினைவு நம் இலக்கியத்துக்குச் சொந்தமானது. அதைப் பேச லெமூரியா என்ற பட்டம் தேவையே இல்லை. அந்தப் பட்டத்தால் அதற்கு ஒரு லாபமும் இல்லை என்பதுதான் என் எண்ணம். லெமூரியாவைக் கடல் கொள்ளவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1960களில் உறுதியானபோது ஆய்வு நூல்களில் அது சத்தமில்லாமல் கரைந்துபோனது. மடகாஸ்கர் ஒரு காலத்தில் நம் மேற்குக் கரையோடு உண்மையாகவே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன். உடுப்பிக்கு எதிரே கடலில் செயின்ட் மேரீஸ் தீவில் கம்பம் கம்பமாக எரிமலைப் பாறை நிற்கிறதே, அது அந்தப் பிரிவின் தழும்பு. ஆனால் அப்போது லெமூரும் இல்லை, தேவாங்கும் இல்லை. லெமூர்களின் மூதாதை மடகாஸ்கருக்குப் போய்ச் சேர்ந்தது 5 அல்லது 6 கோடி ஆண்டுக்கு முன். அதற்குள் அது தீவாகி வெகுகாலம் ஆகியிருந்தது. வெள்ளத்தில் பெயர்ந்து மிதந்த மரங்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து 400 கிலோமீட்டர் கடலைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலோர் சொல்வது. அந்தக் காலத்தில் நீரோட்டம் அதற்குத் தோதாகக் கிழக்கே ஓடியது என்று ஜேசன் அலியும் மேத்யூ ஹூபரும் 2010இல் கணினிக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பாலம் இல்லை, தெப்பம்.

இறங்கி வரும்போது விருபாக்ஷி குகைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ரமணர் 1916 வரை இங்கே இருந்தார். பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில். அவரோடு பழகிய குரங்குகளில் ஒன்றுக்கு நொண்டி என்று பேர். கூட்டத்தலைவன் கடித்துப் போட்டதில் கால் போய், இவரிடம் வந்து தேறி, கடைசியில் அதுவே கூட்டத்துக்குத் தலைவனானது என்று சொல்வார்கள். நாட்டுக்குரங்குக்குக் கால் ஒன்று குறைந்தால் வாழ்க்கை நடந்துவிடும், பதவிகூடக் கிடைக்கும். சிஃபாகாவுக்கு அப்படி ஆகியிருந்தால் அன்றோடு முடிந்தது.

ஏன் என்பதற்கு விடை எலும்பில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் ஒரு தையல் கடையில் அங்குல டேப்பைக் கேட்டேன்.

“இன்னா அளவு சார்? சட்டையா, பேன்ட்டா?”

“ரெண்டும் இல்லை. எலும்பு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊரில் இதைவிட விசித்திரமான ஆட்களைத் தினமும் பார்க்கிறவர். ஒன்றும் கேட்காமல் அளந்தார். தோள் முதல் முழங்கை வரை 13 அங்குலம், முழங்கை முதல் மணிக்கட்டு வரை 10. ஆகக் கை 23. இடுப்பு மூட்டு முதல் முழங்கால் வரை 17, அங்கிருந்து கணுக்கால் வரை 15½. ஆகக் கால் 32½. கையைக் காலால் வகுத்து நூறால் பெருக்கினால் 71. மனிதர்களுக்கு ஏறத்தாழ இதுதான் வரும். உடற்கூற்றாளர்கள் குரங்கினங்களை வகைபிரிக்க முதலில் போடும் கணக்கு இது. கையும் காலும் ஒரே நீளம் என்றால் 100. கையால் தொங்கி ஆடிப் போகும் கிப்பனுக்கு 130 வரை வரும். பிஸ்கட் திருடிய நம் ஆசாமியின் இனத்துக்கு 90க்குப் பக்கம். சிஃபாகா, இந்திரிக்கு 60க்குச் சற்று மேலும் கீழும். ஆப்பிரிக்காவின் சின்ன கலாகோவுக்கு 50ஐ ஒட்டி வரும்.

“கால் நீட்டா இருந்தா குதிக்கறது ஈசியா சார்?” என்றார் தையல்காரர். கடையில் அப்போது வேறு வேலை இல்லை.

ஆமாம். காலை நீட்டித் தரையை உதைத்துத் தள்ளும் தூரம் அதிகமானால் வேகம் சேர்வதற்கு அவகாசம் கூடும். உண்டிவில்லில் ரப்பரை எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு தூரம் கல் போவது மாதிரி. சிஃபாகாவின் உடம்பில் தொடை எலும்பு நீண்டிருக்கிறது. தொடையின் முன்பக்கத் தசை உருண்டு திரண்டிருக்கிறது. அந்தத் தசையின் இழுவை முழுவதும் முழங்கால் சில்லின் மேல்தான் போகிறது. கிணற்றுச் சகடையில் கயிறு பள்ளத்தை விட்டு விலகாமல் ஓடுவது போல, சில்லு ஓடுவதற்குத் தொடை எலும்பின் நுனியில் ஆழமான, விளிம்பு எழும்பிய ஒரு பள்ளம் இருக்கும். பழைய எலும்பு ஒன்றைக் கையில் கொடுத்தால், இது தாவியதா ஊர்ந்ததா என்று அறிய ஆய்வாளர்கள் பார்ப்பது இந்தப் பள்ளத்தைத்தான். இவ்வளவு நீண்ட காலுக்கு ஒரு விலையும் உண்டு. தரையில் இறங்கினால் சிஃபாகாவால் நாலு காலில் நடக்க முடியாது, கை எட்டாது. இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் தத்தித் தத்திப் போகும். கரகாட்டக்காரர் மேடையைச் சுற்றி வருவது போல இருக்கும்.

கலாகோ வேறு வழி கண்டது. அது கால் கிலோ தேறாத பிராணி. 1965இல் ஹால்-கிராக்ஸ் என்பவர் அளந்தபோது நின்ற இடத்திலிருந்து நேர் மேலே 2.25 மீட்டர் எழும்பியது. வெறும் தசையின் பலத்துக்கு இது கட்டுப்படியாகாது. குந்தும்போது தசைநாண்களை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரே நொடிப்பில் விடுகிறது என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2016இல் செய்த 100 கிராம் எடையுள்ள ‘சால்ட்டோ’ என்ற தாவும் எந்திரம் இதைப் பார்த்துச் செய்ததுதான்.

கலாகோவுக்குத் தொடை மட்டும் அல்ல, கணுக்காலும் நீண்டிருக்கிறது. குதிகால் எலும்பும் அதை அடுத்த சிற்றெலும்பும் சீப்புக் காம்பு போல இழுத்து நீட்டப்பட்டிருக்கும். இதில் ஒரு நுட்பம். முயலும் கங்காருவும் பாதத்தின் முன்பகுதியை நீட்டின. அதனால் கிளையைப் பற்றும் பாதம் அவற்றுக்கு இல்லை. கலாகோ நீட்டியது பற்றும் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை. பெருவிரலும் மற்ற விரல்களும் குறடு போலக் கிளையைப் பிடிப்பது அப்படியே இருக்க, நெம்புகோல் மட்டும் நீண்டது. மரத்திலிருந்து தாவி மரத்திலேயே இறங்க வேண்டிய பிராணிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை யோசிக்க முடியவில்லை.

பிரம்மா முடியைத் தேடிப் போனதும், திருமால் அடியைத் தேடிப் போனதும், இருவரும் தோற்றதும்தான் இந்த ஊரின் தலபுராணம். தாவும் பிராணி விஷயத்தில் வராகம் போன திசைதான் சரி. அடியைத் தோண்டத் தோண்ட விஷயம் வருகிறது.

ஆனால் அடியை மட்டும் பார்த்தும் ஏமாந்திருக்கிறார்கள். 1967இல் ஜான் நேப்பியரும் ஆலன் வாக்கரும் இந்த ‘அடிமரத்தைப் பற்றித் தாவும்’ நடையைத் தனி வகையாக அடையாளம் காட்டினார்கள். சிஃபாகா, லெபிலெமூர், கலாகோ, தென்கிழக்காசியத் தீவுகளின் டார்சியர் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. குரங்கின் ஆதி மூதாதையே இப்படித்தான் தாவியிருக்கும் என்றார்கள். வரிசையாக மறுப்புகள் வந்தன. சிஃபாகா நீட்டியது தொடையை, கலாகோவும் டார்சியரும் நீட்டியது கணுக்காலை. ஒரே வேலையைத் தனித்தனியே கற்றவர்களை ஒரே குடும்பம் என்று எப்படிச் சொல்வது? டார்சியரின் பெயரே அந்தக் கணுக்கால் எலும்பிலிருந்து வந்தது. அது லெமூருக்குச் சொந்தமே இல்லை. நாம் இருக்கும் பக்கத்துக் கிளை. தாவுவது தொழில். தொழிலை வைத்து உறவு சொல்ல முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அது இன்னும் வேடிக்கை. மடகாஸ்கரில் பேலியோபுரோபிதிகஸ் என்று ஒரு பெரிய லெமூர் சில நூறு ஆண்டுக்கு முன்புவரை இருந்திருக்கிறது. காலைவிடக் கை நீளம். விரல்கள் கொக்கி மாதிரி வளைந்தவை. தென்னமெரிக்காவின் ஸ்லாத்தைப் போலத் தலைகீழாகத் தொங்கி, மெல்ல மெல்ல நகர்ந்த பிராணி. இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் பிரவீண் கரந்த், மற்றவர்களோடு சேர்ந்து 2005இல் அழிந்துபோன இப்படிப்பட்ட லெமூர்களின் எலும்பிலிருந்து டிஎன்ஏவை எடுத்துப் படித்தார். இந்தத் தொங்கும் சோம்பேறிக்கு இன்றிருக்கும் மிக நெருங்கிய உறவு எது என்றால், 10 மீட்டர் தாவும் இந்திரி, சிஃபாகா குடும்பம். ஒரு தாய் வயிற்றில் ஒருவன் ஓட்டக்காரன், ஒருவன் திண்ணைக்காரன்.

தேவாங்குக்கும் அதே நிலைமை. அதன் உடன்பிறந்த கிளை 2.25 மீட்டர் எழும்பும் அந்தக் கலாகோதான். இந்த இரண்டு கிளையும் பிரிந்துவிட்டதற்கான 3.7 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்கள் எகிப்தின் ஃபையூம் பாலைவனத்தில் கிடைத்திருக்கின்றன. மடகாஸ்கர் லெமூர்கள் இவற்றுக்குப் பங்காளி. பங்காளிக்கு அடையாளம் காலின் நீளம் இல்லை. நாய்க்கு இருப்பது போல ஈரமான மூக்கு. கீழ்வரிசை முன்பற்கள் நெருங்கி முன்னோக்கிச் சாய்ந்து ஒரு சீப்பாக ஆகியிருப்பது. அதை வைத்துத்தான் மயிரைக் கோதும். பிறகு கால்விரல்களில் எல்லாவற்றிலும் நகம் தட்டையாக இருக்க, இரண்டாம் விரலில் மட்டும் நிமிர்ந்து நிற்கும் ஒரு கூர்நகம், காது குடைவதற்கென்றே. இந்தக் கோதுநகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

வியாழக்கிழமை விடிகாலை திருவண்ணாமலையிலிருந்து திருச்சிக்கு பஸ் பிடித்தேன். திருச்சியிலிருந்து திண்டுக்கல் பஸ்ஸில் மணப்பாறையைத் தாண்டி அய்யலூரில் இறங்கியபோது வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை முடிந்து, புழுக்கை வாடையும் ஒன்றிரண்டு மினி லாரிகளும்தான் மிச்சமிருந்தன. சுற்றி இருக்கும் குன்றுகளும் கரூர் மாவட்டத்துக் கடவூர்க் குன்றுகளும் சேர்ந்த 11,806 ஹெக்டேரைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் முதலாவது இதுதான். காடு என்றதும் தேக்கும் மூங்கிலும் மனதில் வந்தால் ஏமாற்றம்தான். வேலமரம், வன்னி, கள்ளிவேலி, நடுவே சோளக்காடு. தேவாங்குக்கு அதுதான் பிடித்திருக்கிறது. முள் அடர்ந்த இடத்தில் பாம்பும் பூனையும் நுழையத் தயங்கும்.

எனக்கு வழிகாட்ட வந்தவர் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆடு மேய்த்தவர். சரணாலய எல்லைக்குள் போக வேண்டாம், ஊரை ஒட்டிய பட்டா நிலத்து வேலியிலேயே காட்டுகிறேன் என்றார். தலையில் மாட்டும் டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டியிருந்தோம். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசச் செய்யும்.

“சின்னப்பிள்ளைல இதைக் கண்டா கல்லெடுத்து எறிவோம் தம்பி. மொகத்துல முழிச்சா ஆகாதும்பாக. கண்ணை மருந்துக்குன்னு நோண்டி எடுத்ததையும் பாத்திருக்கேன். இப்ப அதைப் பாக்க மெட்ராஸ்லருந்து வர்றீக.”

1990களின் கடைசியில் அன்னா நெகாரிஸும் சிந்து ராதாகிருஷ்ணாவும் இந்தப் பக்கத்துக் காடுகளில்தான் இரவிரவாக இதன் பின்னால் நடந்தார்கள். நெகாரிஸ் பதிவு செய்ததில் தேவாங்கின் சாப்பாட்டில் 96 விழுக்காடு பூச்சி புழு போன்ற சிற்றுயிர்கள்தான். எறும்பும் கறையானும் அதில் நிறைய. இன்னொன்றும் தெரிந்தது: ‘மெதுவாக நடப்பது’ என்று லின்னேயஸ் குத்திய முத்திரை முழுக்க நியாயம் இல்லை. ஆபத்து இல்லாத நேரத்தில் இது கிளைமேல் சுறுசுறுப்பாகவே ஓடும். தாவ மட்டும் தாவாது.

தாய்த் தேவாங்கு பிறந்த குட்டியைச் சில வாரம் வயிற்றோடு ஒட்டவைத்துச் சுமக்கும். பிறகு அந்தி சாய்ந்ததும் ஒரு கிளையில் அதை மாட்டி வைத்துவிட்டு இரைக்குப் போய்விடும். குட்டி தாயைப் பற்றுவது மர்க்கட நியாயம், தாய் குட்டியைக் கவ்வுவது மார்ஜார நியாயம் என்று வைணவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். கிளையில் மாட்டிவிட்டுப் போகும் மூன்றாவது நியாயம் இந்த வேலியில் இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஏழே முக்கால் மணிக்கு இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தன. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் வரும் மினுக்கம். நாட்டுக்குரங்குக்கும் நமக்கும் அது கிடையாது. கண் பழகியதும் உருவம் தெரிந்தது. கால் கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கலாம். வால் இல்லை. கையும் காலும் ஊதுவத்தி போல. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அளந்தால் 90 வரும். அதாவது திருவண்ணாமலைக் கடுவனின் அதே எண். அது தாவுகிறது, இது தாவுவதில்லை. என் அங்குல டேப் கணக்கு இங்கே பல்லிளித்தது.

வேறுபாடு பிடியில் இருக்கிறது. கைக்கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு நேர் எதிர்த்திசையில் விரிந்து நிற்கிறது; ஆள்காட்டி விரல் குட்டையாக இருக்கிறது, பிடிக்கு இடைஞ்சல் செய்யாமல். கைகால்களில் ரத்தக்குழாய்கள் ஒற்றைத் தண்டாக ஓடாமல் சடையாகப் பிரிந்து வலை போல ஓடுகின்றன. மணிக்கணக்கில் ஒரே பிடியாகப் பிடித்திருந்தாலும் மரத்துப்போகாமல் இருக்க அது உதவுவதாகச் சொல்கிறார்கள். ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். பின்கால் இரண்டும் கிளையைக் கவ்வியபடி இருக்க, உடம்பை எதிரே நீட்டியது. நீட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சிறிய உடம்புக்குள் இவ்வளவு நீளம் இருக்கிறதா என்று தோன்றியது. கை தொட்டது, பிடித்தது. பிறகுதான் ஒரு கால் விட்டது. அது பிடித்த பிறகே அடுத்த கால். எந்தக் கணத்திலும் அது காற்றில் இல்லை. இலை அசையவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பூச்சிக்கு எதுவும் தெரிந்திருக்காது. மறுநொடி கை வீசிய வேகத்தில் அது வாய்க்குள் போயிருந்தது.

வேலி ஒரு வண்டித்தடத்தில் அறுபட்டது. அந்தப் பக்கத்து வேலமரம் ஆறடி தள்ளி இருந்தது. கலாகோவுக்கு அது ஒரு எத்து. சிஃபாகாவுக்கு அது தாவலே இல்லை. தேவாங்கு கிளை நுனிவரை வந்து, கையை நீட்டி, காற்றைத் தடவிப் பார்த்தது. திரும்பியது. தலைகீழாக அடிமரத்தில் இறங்கி, மண்ணுக்கு வந்து, எங்கள் கால்களுக்கு நாலடி தூரத்தில், முழங்கையும் முழங்காலும் வெளிப்பக்கம் மடங்க, தடத்தைக் கடந்தது. “டார்ச்சைத் தாழ்த்துங்க தம்பி” என்று பெரியவர் கிசுகிசுத்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எதிர் மரத்தில் இரண்டு ஆள் உயரம் ஏறி ஒரு கவட்டையில் உட்கார்ந்தது. எங்களைப் பார்த்தது. பிறகு இடது காலை மெல்லத் தூக்கி, இரண்டாம் விரலைக் காதுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடையத் தொடங்கியது.